அரியலூர் சுண்ணாம்புக்கல்லும் பாக் விரிகுடாக் கடற்புல்லும்

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களுக்குக் கடற்கரை இல்லை. ஆனால் சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் நாம் குடியிருக்கும் இந்தப் பகுதியின் பெரும்பாகம் கடலாக இருந்தது. காரை கிராமத்தின் களிமண் மேடுகளில் இன்றும் கிடைக்கும் கடல் உயிரினங்களின் படிமங்களும், சாத்தனூர் கல்மரமும் அதற்குச் சாட்சி. அந்தக் கடலின் சிப்பிகளும் ஓடுகளும் படிந்து இறுகியதுதான் அரியலூர் சுண்ணாம்புக்கல். அதை நம்பியே இங்கு சிமெண்ட் ஆலைகள் வந்தன.

சூளையிலிருந்து கடலுக்கு

சுண்ணாம்புக்கல்லைச் சூளையில் சுட்டால் அதில் அடைபட்டிருந்த கரியமில வாயு வெளியேறுகிறது. தூய சுண்ணாம்புக்கல் 100 கிலோவில் 44 கிலோ இப்படிக் காற்றில் கலக்கிறது. எரிக்கும் நிலக்கரியின் புகை தனிக்கணக்கு. உலகில் மனிதர் வெளியிடும் கரியமில வாயுவில் சுமார் 7 முதல் 8 விழுக்காடு சிமெண்ட் தொழிலிலிருந்து வருகிறது.

மனிதர் வெளியிடும் கரியமில வாயுவில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கைக் கடல் உறிஞ்சிக்கொள்கிறது. நீரில் கரைந்த வாயு அமிலமாகிறது. தொழிற்புரட்சிக்கு முன் சுமார் 8.2 ஆக இருந்த கடல்மட்ட நீரின் பி.எச். அளவு இப்போது 8.1 அளவில் உள்ளது. கடல் இன்னும் காரத்தன்மையோடுதான் இருக்கிறது. ஆனால் இந்தச் சிறிய இறக்கமே அமிலத்தன்மை கால் பங்குக்கு மேல் கூடியதற்குச் சமம். சிப்பி, பவளம் போன்றவை ஓடு கட்டுவது இதனால் கடினமாகிறது.

புல்லுக்கு லாபமா?

கடற்புல் பாசி அல்ல. வேர், இலை, பூ உள்ள தாவரம். நீரில் கரைந்த கரியமில வாயு குறைவாகவே கிடைப்பதால், அது கூடும்போது பல வகைக் கடற்புற்கள் வேகமாக வளர்கின்றன. இத்தாலியின் இஸ்கியா தீவருகே கடலடியிலிருந்து இயற்கையாகவே இந்த வாயு குமிழியிடும் இடங்களில் கடற்புல் அடர்த்தியாக நிற்கிறது. இலை மேல் ஒட்டி வளரும் சுண்ணாம்புப் பாசிகள் அங்கே அருகிவிட்டன.

ஆனால் அதே இடத்தில் இலைகள் குட்டையாக இருக்கின்றன. மீன்கள் அதிகம் மேய்வதே இதற்கு முக்கியக் காரணம். மேய்பவற்றைத் தடுக்கக் கடற்புல் தன் இலையில் பீனால் வகைக் கசப்புப் பொருள்களைச் சேர்த்து வைக்கிறது. அமிலம் கூடிய நீரில் இப்பொருள்கள் குறைவதாக 2012இல் வெளியான ஆய்வு காட்டியது. புல் வளர்கிறது, அதன் தற்காப்பு தளர்கிறது. வளர்ச்சி மேய்ச்சலை ஈடுகட்டுமா என்பது இடத்துக்கு இடம் மாறும்.

ஆவுளியாவின் மேய்ச்சல் நிலம்

நமக்கு அருகிலுள்ள கடற்புல் வெளி பாக் விரிகுடா. கடற்பசு எனப்படும் ஆவுளியா அங்கு மேய்கிறது. ஓர் ஆவுளியா நாளொன்றுக்கு 30 முதல் 40 கிலோ புல் தின்னும். 2022 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடற்பகுதியில் 448 சதுர கிலோமீட்டரை இந்தியாவின் முதல் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. நம் உறவினர் பலர் வேலை செய்யும் வளைகுடா நாடுகளின் கடலிலும் இவ்விலங்கு பெருமளவில் வாழ்கிறது.

கரியமில வாயு கூடுவதால் புல்லுக்கு நன்மை என்று நாம் ஆறுதல் கொள்ள முடியாது. அதே வாயு கடலைச் சூடாக்குகிறது. அளவு மீறிய வெப்பத்தில் புல் கருகுகிறது. கழிவுநீர் கலந்து நீர் கலங்கினால் வெளிச்சம் கிடைக்காது. இழுவை வலை வேரோடு பிடுங்குகிறது. மீனும் இறாலும் குஞ்சு வளர்க்கும் இடம் அதனால் அழிகிறது. நன்கு நிற்கும் புல்வெளியோ பகலில் கரியமில வாயுவை இழுத்து, தன்னைச் சுற்றியுள்ள நீரின் அமிலத்தைச் சற்றுத் தணித்து, சிப்பிகளுக்கும் உதவுகிறது.

நாம் செய்யக்கூடியது

வீடு கட்டும்போது, பொறியாளரிடம் கேட்டு, பொருத்தமான இடங்களில் அனல்மின் நிலையச் சாம்பல் கலந்த பி.பி.சி. சிமெண்ட்டைப் பயன்படுத்தலாம். அதில் சுட்ட சுண்ணாம்புக்கல்லின் பங்கு குறைவு. கடற்கரை ஊர்களில் ஆவுளியா இறைச்சி கிடைத்தாலும் வாங்கக் கூடாது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். காரைக்கும் சாத்தனூருக்கும் பிள்ளைகளை அழைத்துச் சென்று, நம் ஊர்க் கல்லுக்கும் கடலுக்கும் உள்ள உறவைச் சொல்லிக்கொடுப்போம்.