தபதியர் பெற்ற பட்டம்

திருநின்றவூர்ப் பூசலார் நாயனாரின் வரலாறு மெய்யன்பர் யாவரும் அறிந்ததே. கையிற் பொருளில்லாத அவ்வந்தணர் உள்ளத்திலேயே சிவபெருமானுக்குக் கோயில் எடுத்தார். காஞ்சியிற் கற்றளி எடுத்த காடவர்கோன் குடமுழுக்குக்கு நாள் குறித்தபோது, இறைவன் அவன் கனவில் தோன்றி, அந்நாள் தன் அன்பன் எடுத்த கோயிலிற் புகுதற்குரிய நாளென்றும், அவன் வேறு நாள் கொள்க என்றும் அருளிச் செய்தான். இவ்வரலாற்றை விரித்துரைப்போர் அன்பின் பெருமையைக் கூறி அமைவர். அதனோடு யான் நெடுநாள் எண்ணி வியந்தது மற்றொன்றும் உண்டு. மனத்திலே கட்டும் கோயிலுக்கும் அப்பெரியார் தச்சரைத் தேடிக் கொண்டார் என்று சேக்கிழார் பெருமான் பாடுகின்றார். பொருளையெல்லாம் நினைவால் ஈட்டியவர், தச்சரையும் நினைவால் தேடினாரேயன்றித் தாமே உளி பிடிக்கத் துணிந்திலர். எண்ணத்தால் எடுக்கும் கோயிலுக்கே வல்ல தச்சன் வேண்டுமாயின், கல்லால் எடுக்கும் கோயிலுக்குக் கூறவும் வேண்டுமோ?

இம்மலரில் மூர்த்தியின் பெருமையும் தலத்தின் சிறப்பும் அறிஞர் பலரால் எழுதப்பெற்றுள்ளன. கோயிலைக் கட்டும் கைகள் பெற்ற கல்வியையும், அக்கல்விக்கு உலகம் அளித்த பட்டத்தையும் பற்றி ஈண்டுச் சில கூற விழைகின்றேன்.

சிற்பநூல்கள் கட்டடத் தொழிலாளரை நால்வகையாக வகுத்துள்ளன. கல்லையும் மரத்தையும் அளவறிந்து வெட்டுவோன் தட்சகன். வெட்டியவற்றைப் பொருத்தி உயர்த்துவோன் வர்த்தகி. நூல் பிடித்து அளவு காண்போன் சூத்திரகிராகி. இவர் மூவரையும் நடத்தி, முழுமையையும் உள்ளத்தே கண்டு நிறுவுவோன் தபதி. தபதிக்குக் கைத்திறன் மட்டும் மயமதத்துக்குப் போதுவதன்று. கணிதமும் ஓவியமும் புராண அறிவும் வேண்டும், அழுக்காறின்மை முதலிய நற்குணங்களும் வேண்டும் என்று அந்நூல் விதிக்கின்றது. நூலறிவும் கையறிவும் ஓருடலில் ஒன்றிய வழியே தபதி தோன்றுகின்றான் என்பது அந்நூலின் கருத்தாகும்.

இத்தகையோர்க்குப் பண்டை அரசர் பட்டம் வழங்கினர். பட்டம் என்னும் சொல் முதற்கண் நெற்றியிற் கட்டும் தகட்டைக் குறித்தது. பின்னரே சிறப்புப் பெயருக்கும், இக்காலத்தே பல்கலைக்கழகம் அளிக்கும் தகுதிக்கும் ஆயிற்று. கன்னட நாட்டுப் பட்டடக்கல்லில் உள்ள விரூபாட்சர் கோயில் இதற்குச் சான்று பகரும். சாளுக்கிய வேந்தன் இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சியை வென்றதன் நினைவாக அவன் தேவி உலோகமாதேவி 8ஆம் நூற்றாண்டில் எடுப்பித்த கோயில் அது. நம் காஞ்சிக் கைலாசநாதர் கோயிலின் சாயல் அதிற் படிந்துள்ளமையை ஆராய்ச்சியாளர் காட்டியுள்ளனர். அதனைக் கட்டிய குண்டன் அநிவாரிதாசாரிக்குத் திரிபுவனாசாரி என்னும் சிறப்புப் பெயரும் பட்டமும் அளிக்கப்பெற்ற செய்தியை அக்கோயிற் கல்வெட்டே கூறுகின்றது. மூவுலகுக்கும் ஆசாரி என்பது அப்பெயரின் பொருள். ஒரு கட்டடத் தொழிலாளன் பெறக்கூடிய பட்டம் இதனினும் உயர்ந்தது யாது?

தஞ்சைக்கு வருவோம். 1010ஆம் ஆண்டளவில் நிறைவெய்திய இராசராசேச்சரத்தின் கல்வெட்டு, வீரசோழன் குஞ்சரமல்லனான இராசராசப் பெருந்தச்சன் என்று ஒருவனைக் குறிக்கின்றது. நித்தவினோதப் பெருந்தச்சன், கண்டராதித்தப் பெருந்தச்சன் என்னும் பெயர்களும் அங்கே காணப்படும். இராசராசன் என்பதும் நித்தவினோதன் என்பதும் அரசனுக்கே உரிய பெயர்கள். தன் பெயரையே தச்சனுக்குச் சூட்டி மகிழ்ந்தான் அப்பேரரசன். தானம் செய்தோர், பணி புரிந்தோர் பெயர்கள் பொறித்த அதே கோயிலில் தச்சர் பெயரும் நிலைபெற்றது.

இம்மரபு எவ்வாறு தளர்ந்தது? பேரரசுகள் மறைந்தபின் பெருந்திருப்பணிகள் அருகின. தந்தை மகனுக்கும், ஆசான் மாணவனுக்கும் கற்பித்த முறை ஓரளவு தொடர்ந்ததேனும், சுவடி ஓரிடத்தும் உளி ஓரிடத்துமாகப் பிரிந்தன. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பெங்களூரில் நீதிபதியாக விளங்கிய இராம் ராசு என்பார் மானசாரம் முதலிய நூல்களை ஆராயப் புகுந்தார். வடமொழி வல்ல பண்டிதர்க்கு அந்நூல்களில் வரும் தொழிற்சொற்கள் விளங்கவில்லை. தொழில் அறிந்த சிற்பியர்க்கோ நூலின் மொழி எட்டவில்லை. தஞ்சைப் பகுதிச் சிற்பி ஒருவரைத் துணைக் கொண்ட பின்னரே அவர்க்குப் பொருள் துலங்கிற்று. அவர் எழுதிய நூல் 1834இல் இலண்டனில் அச்சேறியது. நூலறிவும் கையறிவும் இரு வேறு வீடுகளிற் குடியிருந்தமைக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

அதே காலத்தில் மேலைநாட்டுப் பொறியியற் கல்வி இந்நாட்டில் வேரூன்றியது. 1794இல் சென்னையில் நிலஅளவைப் பள்ளியாகத் தோன்றியதே பிற்காலத்துக் கிண்டிப் பொறியியற் கல்லூரி. பாலமும் அணையும் கட்டக் கற்றோர் பட்டம் பெற்றனர். கோயில் கட்டக் கற்றோர் பட்டமின்றி நின்றனர். பேரறிவுடைய தபதியும் ஏட்டளவிற் கூலித் தொழிலாளி என்றே எழுதப்பட்டார்.

இக்குறையைப் போக்க 1957ஆம் ஆண்டில் மாமல்லபுரத்தில் அரசினர் சிற்பப் பயிற்சி நிலையம் ஒன்றை நிறுவினர். பல்லவர் உளியோசை கேட்ட பாறைகளின் நடுவே அது அமைந்தது பொருத்தமே. பிள்ளையார்பட்டிச் சிற்பி மரபில் வந்த வைத்தியநாத தபதி முதலில் அதற்குத் தலைமை பூண்டார். அவருக்குப்பின் அவர் மைந்தர் கணபதி தபதி பொறுப்பேற்று 1988 வரை நடத்தினார். அவர் காலத்தே அக்கல்வி சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்து பட்டப் படிப்பாக உயர்ந்தது. 2013இல் இசைக்கும் கவின்கலைகட்கும் தனிப் பல்கலைக்கழகம் தோன்றியபின் அக்கல்லூரி அதனைச் சார்ந்தது. கோயிற் கட்டடக்கலையில் இளநிலைத் தொழில்நுட்பப் பட்டமும், கல், சுதை, மரம், உலோகம் ஆகியவற்றிற் சிற்பம் பயில்வோர்க்கும் மரபு ஓவியம் பயில்வோர்க்கும் இளநிலைக் கவின்கலைப் பட்டமும் அங்கே உரியன. நான்காண்டுக் கல்வியில் மாணவன் ஆயாதி கணிதம் கற்கின்றான், தாலமானம் கற்கின்றான். உத்தம தசதாலத்தில் திருவுருவின் உயரம் 124 பகுதிகளாக வகுக்கப்படும் என்பதை ஏட்டிற் படித்து, அவ்வளவைக் கல்லில் வைத்துத் தன் கையாற் செதுக்கிப் பார்க்கின்றான். தொழில் மரபிற் பிறவாத பிள்ளைகட்கும் அக்கல்வி வாயில் திறந்தது.

கணபதி தபதியின் ஆற்றலுக்குக் குமரிமுனையே சான்று. 2000ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் திறக்கப்பெற்ற திருவள்ளுவர் திருவுருவம், 38 அடிப் பீடமும் 95 அடி உருவமுமாக 133 அடி உயர்ந்து நிற்கின்றது. 2004இல் ஆழிப்பேரலை அப்பாறையை மோதியபோதும் அது நிலைகுலையவில்லை. 2009இல் பத்மபூசண் விருது பெற்ற அப்பெரியார் 2011இல் மறைந்தார்.

இனி, என் பிழையொன்றை ஒளியாது கூறுவேன். யான் ஆதீனப் பாடசாலையிற் சுவடி பயின்றவன். சிற்பத்துக்குப் பட்டம் வழங்குகின்றனர் என்னும் செய்தி எம் செவிக்கு எட்டிய நாளில், உடன்பயின்றோரும் யானும் நகைத்தோம். உளிக்கு எதற்குப் பட்டம், கைப்பழக்கம் போதாதோ என்றோம். அந்நகைப்புக்கு யான் கொடுத்த விலை பெரிது.

ஏறத்தாழ 25 ஆண்டுகட்கு முன் சோழநாட்டுச் சிற்றூர்க் கோயிலொன்றின் திருப்பணிக் குழுவில் யானும் ஓர் உறுப்பினனாய் இருந்தேன். அக்கோயில் அதிட்டானத்தில் நந்தாவிளக்குக்கு ஆடு அளித்த நங்கையொருத்தியின் கல்வெட்டு இருந்தது. இளமையில் என் ஆசிரியர் விரல் வைத்து எனக்கு எழுத்துக் கூட்டிப் படிப்பித்த கல் அது. சுவரிற் படிந்த சுண்ணாம்பையும் எண்ணெய்ப் பிசுக்கையும் அகற்ற வேண்டும் என்று குழு முடிவு செய்தது, யானும் கையொப்பமிட்டேன். எம்முறையால் அகற்றுவர் என்று யான் வினவவில்லை. மணலை விசையோடு பீய்ச்சும் பொறியைக் கொண்டு மூன்றே நாளிற் கோயிலைப் புதுக்கல்லாக்கி விட்டனர். யான் சென்று கண்டபோது எழுத்து இருந்த இடம் வழவழப்பாய் இருந்தது. பணியை நடத்தியவர் கைத்திறன் மிக்க நல்லவர். பழைய எழுத்து அறியாதவர். எழுத்து அறிந்த யானோ அப்பொறி என் செய்யும் என்பதை அறியாதவன். பணி தொடங்கிய நாளில் அங்கே நில்லாதவன். இராம் ராசு கண்ட பிரிவினை எம் இருவருக்கும் இடையே நின்று அவ்விளக்கை அவித்தது. பல நூற்றாண்டு வாழ்ந்த அந்நங்கையின் பெயர் எங்கள் கண்முன்னே மறைந்தது.

நம் முன்னோர் இவ்வாறு செய்திலர். திருமழபாடி விமானத்தைப் பிரித்துப் புதிதாக எடுக்க இராசராசன் ஆணையிட்டபோது, அங்கிருந்த கல்வெட்டுகளை முன்னரே ஏட்டிற் படியெடுக்கச் செய்தான்; அவை இராசேந்திரன் காலத்தில் மீண்டும் கல்லிற் பொறிக்கப்பெற்றன. திருக்கோடிகாவைக் கற்றளியாக்கிய செம்பியன் மாதேவியாரும் பழைய சாசனங்களைப் புதுச்சுவரில் ஏற்றிக் காத்தார். முன் செய்தார் அறத்தை அழித்துத் தம் அறத்தை நிறுவ அவர்கள் ஒருப்படவில்லை.

நம் திருக்கோயிற் பணியில் யான் கண்டது என் நெஞ்சை ஆற்றியது. மாமல்லபுரத்தில் இளநிலைப் பட்டம் பெற்ற இளைஞர் ஒருவர் முதிய தபதியார்க்குத் துணையாய் வந்தார். பணி தொடங்குமுன் பிராகாரச் சுவரை அடி அடியாகப் பார்த்து, எழுத்துள்ள கற்களுக்கெல்லாம் மைப்படி எடுத்தார். பிரிக்கவேண்டிய கற்களுக்கு எண்ணிட்டு வரைபடத்திற் குறித்தார். விரைந்து முடிக்கும் பொருட்டுப் பொறியைக் கொணர்ந்தோரிடம், இக்கல்லின் மேற்புறம் ஒருமுறை போனால் மீளாது என்று பணிவோடு தடுத்தார். நீரும் மென்தூரிகையும் கொண்டு பல வாரம் உழைத்துச் சுண்ணாம்பை நீக்கச் செய்தார். நாட்கள் நீண்டமைக்குச் சிலர் முணுமுணுத்தனர். சுண்ணாம்பு நீங்கிய இடத்தில் ஒருவர் அளித்த விளக்கின் பெயர் தோன்றிய அன்று அம்முணுமுணுப்பு அடங்கிற்று.

எனினும் அவ்விளைஞர் தம்மைத் தபதி என்று கூறிக்கொள்வதில்லை. கல்லின் நாதம் கேட்டுக் குற்றமறியும் கலையை முதிய தபதியாரிடமே கற்று வருகின்றேன் என்பர். இதுவே செவ்விய நெறி. அன்று பணி முன்னும் பட்டம் பின்னுமாய் இருந்தன.  இன்று பட்டம் முன்னும் பணி பின்னுமாய் உள்ளன. ஆதலின் இக்காலத்துப் பட்டம், பெற்றவர்மேல் ஏற்றிய ஒரு கடன். அதனை ஆண்டுகள் பல உளியால் உழைத்தே தீர்த்தல் வேண்டும். பட்டமில்லாத முதியோரை இகழும் பட்டம் வீண். படிப்பை இகழும் கைத்திறனும் குறையுடையதே.

திருப்பணிக்குப் பொருள் வழங்கிய அன்பர்காள்! உங்கள் பெயர்கள் இன்று பளிங்குக் கல்லில் ஒளிர்கின்றன. பன்னிரண்டு ஆண்டு கழித்து வரும் குடமுழுக்கிலும், அதற்கு அப்பால் வருவனவற்றிலும் அப்பெயர்களைக் காப்பவர் யாவர்? எழுத்தறிந்த கண்ணும் கல்லறிந்த கையும் ஒருங்கே உடைய தச்சரே காப்பர். விளக்குக்கு நெய் அளிப்பது போலவே, சிற்பம் பயிலும் ஏழைப் பிள்ளை ஒருவனுக்கு நான்காண்டு உண்டியும் நூலும் அளிப்பதும் சிவபுண்ணியமே. அடுத்த திருப்பணிக்குத் தபதியைத் தெரிந்தெடுக்கும்போது, எத்தனை நாளில் முடிப்பீர் என்று வினவுமுன், இச்சுவரில் உள்ளதைப் படித்தீரோ என்று வினவுங்கள்.

அந்நங்கை ஏற்றிய விளக்கை யான் காக்கத் தவறினேன். இக்கோயிலில் வெளிப்பட்ட விளக்கின் பெயரேனும் நின்று நிலவுக. கட்டிய கையும் கற்பித்த நாவும் பொருளளித்த உள்ளமும் பெருமான் திருவருளால் நீடு வாழ்க.