பூனாவின் பப்பாளி

ஹவாயின் ஓவாஹு தீவில் வளையப்புள்ளி வைரஸ் பப்பாளித் தோட்டங்களை அழித்தபோது, 1950களின் இறுதியிலிருந்து சாகுபடியே பெரிய தீவின் பூனா பகுதிக்கு இடம்பெயர்ந்தது. ஓடினால் நோய் விட்டுவிடுமா? அதைப் பரப்பும் அசுவினிக்கு இறக்கை உண்டே! 1992இல் பூனாவும் சிக்கியது. நல்லவேளை, ஹவாயில் பிறந்த டென்னிஸ் கொன்சால்வெஸ் 1980களிலேயே மாற்றுவழி தேடத் தொடங்கியிருந்தார். வைரஸின் உறைப்புரத மரபணுவைத் துகள் துப்பாக்கியால் பப்பாளித் திசுவுக்குள் செலுத்தியது அவர் குழு. திருடனின் அங்க அடையாளத்தைக் காவலனிடம் முன்கூட்டியே கொடுப்பதுபோலத்தான்: அதே வரிசையுள்ள வைரஸ் ஆர்.என்.ஏ. நுழைந்தால், செடியே அதைத் துண்டாடிவிடும். சோதனைக்கூடச் சாமர்த்தியத்தைவிட நான் மெச்சுவது வேறொன்றை. 1998இல் இப்படி உருவான 'ரெயின்போ' ரகப் பப்பாளி விதைகளை விவசாயிகளுக்கு இலவசமாகவே கொடுத்தார்கள்.