பெயரற்ற கப்ரும் பெயர் காக்கும் கடமையும்



நம் கிளியனூருக்கு அருகிலுள்ள புதுவைக் கடற்கரையில், முதல் உலகப் போரில் உயிர் நீத்தோருக்கான பிரெஞ்சு நினைவுச் சின்னத்தை நம்மில் காணாதவர் அரிது. தரையில் வீழ்ந்தவர்களுக்கு ஊரார் கல் நாட்டுகின்றனர். நடுக்கடலில் மாண்டவர்களின் நிலை என்ன? வரலாறு தரும் ஒரு செய்தியைக் காண்போம்.

ஜாவாவுக்குத் தெற்கே, இந்துமாக் கடலில் கிறிஸ்துமஸ் தீவு என்னும் சிறு தீவு உள்ளது. பாஸ்பேட் சுரங்கத்திற்காகக் குடியேறிய சீனரும் மலாய் முஸ்லிம்களும் வாழ்ந்துவரும் ஊர் அது. 1942 பிப்ரவரியில் அதன் கரையருகே ஓர் உயிர்காப்பு மிதவை வந்தது. அதனுள் ஒரு மாலுமியின் உடல் இருந்தது. பெயரை அறிவிக்கும் அடையாளம் எதுவுமில்லை. போர் நெருங்கிவந்த அந்த நாளிலும் தீவினர் அவரை உரிய மரியாதையுடன் அடக்கம் செய்தனர். அடுத்த மாதமே தீவு ஜப்பானியர் வசமாயிற்று. காலப்போக்கில் கல்லறை இருந்த இடமும் மறைந்தது.

1941 நவம்பர் 19இல் ஜெர்மானியக் கப்பலுடன் நடந்த சமரில் மூழ்கிய 'சிட்னி' என்ற ஆஸ்திரேலியப் போர்க்கப்பலைச் சேர்ந்தவர் அவர் என்று கருதப்பட்டது. அக்கப்பலில் இருந்த 645 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. 2001இல் கல்லறையைத் தேடிக் கிடைக்காமல், 2006இல் மீண்டும் தேடிக் கண்டெடுத்தனர். 2008இல் ஆஸ்திரேலியாவின் ஜெரால்டன் நகரில் மறு அடக்கம் நடைபெற்றது. 2021இல் மரபணுச் சோதனையின் மூலம் அவர் தாமஸ் வெல்ஸ்பி கிளார்க் என்பது உறுதியாயிற்று. ஒரு பெயரை மீட்க 79 ஆண்டுகள் ஆயின!

நம் நாட்டு மாலுமிகளின் வரலாறும் இத்தகையதே. 'லஸ்கர்' என அழைக்கப்பட்ட அவர்கள் பிரிட்டிஷ் கப்பல்களின் கொதிகலன் அறைகளில் கரி அள்ளிப் போட்டு உழைத்தவர்கள். அவர்களில் வங்காள முஸ்லிம்கள் ஏராளம். முதல் போரில் மாண்ட 2,000க்கும் மேற்பட்டோர் மும்பை நினைவிடத்திலும், இரண்டாம் போரில் மாண்ட ஏறத்தாழ 6,500 பேர் சிட்டகாங் நினைவிடத்திலும் நினைவுகூரப்படுகின்றனர். கொல்கத்தாவில் 1924இல் திறக்கப்பட்ட லஸ்கர் நினைவுத் தூண் 896 மாலுமிகளுக்கானது.

கப்பலில் மரணித்தவரைக் கரை சேர்க்க இயலாதபோது, குளிப்பாட்டி, கஃபனிட்டு, ஜனாஸா தொழுகை நடத்திக் கடலில் இறக்கிவிட வேண்டும் என்பது மார்க்கச் சட்டம். நீரில் மூழ்கி மரணித்த முஃமினுக்கு ஷஹீதின் அந்தஸ்து உண்டு என்பது நபிமொழி. ஆனால் போரில் மூழ்கிய கப்பல்களோடு சென்றவர்களுக்குக் கஃபனும் கிட்டவில்லை, கப்ரும் கிட்டவில்லை. ஏட்டில் எழுதப்பட்ட பெயர் ஒன்றே எஞ்சியது.

அன்பர்களே! மையவாடியில் மண் தள்ளியதோடு நம் கடமை முடிந்துவிடுவதில்லை. மரணித்தவரின் பெயர், தந்தை பெயர், மரணித்த நாள், கப்ரு அமைந்த இடம் ஆகியவை ஜமாஅத் பதிவேட்டில் இடம்பெற வேண்டும். பிழைப்புக்காக வளைகுடா நாடுகளுக்குச் சென்று அங்கேயே அடக்கமானவர்களின் விவரங்களையும் குடும்பத்தார் தந்து பதிவு செய்தல் அவசியம். பேரப்பிள்ளைகள் துஆச் செய்ய விரும்பும் நாளில், யாருக்காக, எந்த ஊர் மண்ணில் உறங்குபவருக்காக என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டுமல்லவா?

கடலிலும் கரையிலும் மரணித்த முஃமின்கள் அனைவரின் பிழைகளையும் வல்ல அல்லாஹ் பொறுத்தருள்வானாக! ஆமீன்.