தூத்துக்குடித் துறைமுகம்

தூத்துக்குடித் துறைமுகம்: மன்னார் வளைகுடாவில், கடலுக்குள் ஏறக்குறைய 4 கிலோமீட்டர் நீளும் இரு கல்லணைகளுக்கு இடையே நிர்மாணிக்கப்பட்ட செயற்கை ஆழ்கடல் துறைமுகம். 1974 ஜூலை 11ஆம் நாள் இந்தியாவின் பத்தாவது பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பெற்ற இது, 2011 முதல் வ. உ. சிதம்பரனார் துறைமுகம் என வழங்கிவருகிறது. இதன் வரலாறு, ஆழமான நீரைத் தேடித் தென்பாண்டிக் கடற்கரை மக்கள் பல நூற்றாண்டுகளாகச் செய்த முயற்சியின் வரலாறாகும்.

தொன்மை: சங்க காலத்தில் முத்துக்குப் பெயர்பெற்று, யவன மாலுமிகளின் பிரயாணக் குறிப்புகளிலும் இடம்பெற்ற கொற்கை, தாமிரபரணி கொணர்ந்து சேர்த்த வண்டலால் கடலை இழந்து, இன்று கரையிலிருந்து சில மைல் உள்ளே, வயல்கள் சூழ்ந்த சிற்றூராக இருக்கிறது. அதன்பின் தலையெடுத்து, 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ கண்டு போற்றும் அளவுக்குச் செழித்திருந்த பழையகாயலும் அதே வண்டலுக்கு இரையாயிற்று. ஆற்றுமுகத்தினின்று விலகியிருந்த தூத்துக்குடி, 16ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் வருகையால் முக்கியத்துவம் பெற்று, 1658இல் டச்சுக்காரர் வசமாகி, 1825இல் முடிவாக ஆங்கிலேயர் கைக்கு வந்தது.

நங்கூரத் துறை: 1870களில் மதுரையிலிருந்து இருப்புப்பாதை வந்து சேர்ந்தபின், கரிசல் மண்ணின் பருத்தியும், திருநெல்வேலிச் சீமையின் நிலாவரையும் கருப்பட்டியும், இலங்கைத் தோட்டங்களுக்குப் பிழைப்புத் தேடிப் புறப்பட்ட ஆயிரக்கணக்கான ஏழைத் தொழிலாளரும் இத்துறையின் வழியே சென்றனர். ஆயினும் கரையோரம் ஆழமற்றதாகையால், நீராவிக் கப்பல்கள் சில மைல் தொலைவில் நங்கூரமிட்டு நிற்க, ஒவ்வொரு பொதியும் கரையில் ஒருமுறையும் நடுக்கடலில் மற்றொருமுறையும் ஏற்றப்பட வேண்டியிருந்தது. அலையில் தத்தளிக்கும் தோணியிலிருந்து மூட்டைகளைக் கப்பலுக்கு மாற்றிய தொழிலாளரின் தோள்வலிமையே நெடுங்காலம் இவ்வூரின் துறைமுகமாக விளங்கிற்று எனலாம். கொழும்பு மார்க்கத்தில் ஆங்கிலேயக் கம்பெனி கொண்டிருந்த ஏகபோகத்தை எதிர்த்து, 1906இல் வ. உ. சிதம்பரம் பிள்ளை சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியை ஸ்தாபித்து, ‘காலியா’, ‘லாவோ’ என்னும் கப்பல்களை ஓட்டியதும், 1908இல் சிறைப்பட்டுச் செக்கிழுத்ததும் நாடறிந்த சரித்திரம். 1914இல் தனுஷ்கோடி–தலைமன்னார் மார்க்கம் திறக்கப்பெற்றதும் இலங்கைப் பிரயாணிகளிற் பெரும்பாலோர் அவ்வழியே செல்லலாயினர்.

நிர்மாணம்: சேதுசமுத்திரக் கால்வாய்த் திட்டத்தை ஆராய 1955இல் ஏ. இராமசாமி முதலியார் தலைமையில் அமைந்த குழு, அக்கால்வாயும் தூத்துக்குடியில் ஓர் ஆழ்கடல் துறைமுகமும் ஒன்றையொன்று சார்ந்தவை என்று அபிப்பிராயப்பட்டது. கால்வாய் ஏட்டளவில் நின்றுவிட, துறைமுக வேலை 1960களில் தொடங்கியது. கடல் ஆழமாகக் கரைக்கு வராத இடத்தில் கரையையே ஆழத்துக்குக் கொண்டுசெல்வது என்பதே இத்திட்டத்தின் சாரம். வடக்கே 4,098 மீட்டரும் தெற்கே 3,873 மீட்டரும் நீளமுள்ள அலைத்தடுப்புச் சுவர்கள், 1,275 மீட்டர் இடைவெளியில், கல்மேல் கல்லாகக் கொட்டி எழுப்பப்பெற்றன. உள்ளே சிறு கற்களும் மேற்புறத்தில் பாறை போன்ற பெருங்கற்களும் கொண்ட இத்தகைய சுவரில் மோதும் அலை, கற்களின் இடுக்குகளிற் புகுந்து சிதறித் தன் வேகத்தை இழக்கும். ஆகவே உள்நீர் அமைதியாகிக் கப்பல்கள் எப்பருவத்திலும் தளத்தை ஒட்டி நிற்க முடிகிறது. 1979 ஏப்ரல் 1ஆம் நாள் பழைய சிறு துறைமுகமும் புதிய பெருந்துறைமுகமும் ஒரே பரிபாலனத்தின்கீழ் இணைக்கப்பட்டன.

பயன்: அனல்மின் நிலையத்துக்கு நிலக்கரியும், உரத் தொழிற்சாலைக்கு மூலப்பொருள்களும், மரமும் முந்திரிக்கொட்டையும் இங்கு வந்திறங்குகின்றன, உப்பும் திருப்பூர்ப் பின்னலாடைகளும் இங்கிருந்து ஏறுகின்றன. 1999இல் சரக்குப் பெட்டக முனையம் தோன்றிற்று. எனினும் பெட்டகக் கப்பல்களின் உருவம் ஆண்டுக்காண்டு பெருத்துவந்தமையால், முன்பு போதுமாயிருந்த ஆழம் மீண்டும் போதாதாகி, தாய்க்கப்பல் ஏறவேண்டிய பெட்டகங்கள் சிறு கப்பல்களில் கொழும்புக்குச் சென்று மாற வேண்டியதாயிற்று. காலமும் கூலியும் இவ்வாறு அயல் துறையில் கழிவது நம் வணிகர்க்கு நெடுநாளைய குறை. இதனைப் போக்கும் பொருட்டு, 14 மீட்டருக்கு மேல் ஆழமுள்ள பன்னாட்டுச் சரக்குப் பெட்டக முனையம் 2024 செப்டம்பரில் திறக்கப்பெற்றது. அதே ஆண்டு பிப்ரவரியில் வெளித்துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டப்பெற்றது.

கடலும் கடமையும்: முத்துச்சிப்பிகளும் பவளப்பாறைகளும் நிறைந்த இவ்வளைகுடாவின் 21 தீவுகள் 1986இல் கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பெற்றன. பவளப்பாறைகள் வெட்டியெடுக்கப்பட்டு அரணிழந்த விலாங்குச்சல்லித் தீவு கடலுள் மறைந்தது, ஆழப்படுத்துவோரும் கல் கொட்டுவோரும் என்றும் மறவாதிருக்க வேண்டிய செய்தி. அபிவிருத்தி அவசியமே, ஆயினும் அந்நீரை நம்பி வாழும் மீனவர்க்கும் அக்கடலில் முதல் உரிமை உண்டு. கொற்கையையும் காயலையும் எந்தப் பகைவனும் அழிக்கவில்லை. ஆறு நாள்தோறும் கொணர்ந்த மண்ணே தூர்த்தது. மண்ணை அகற்றியும் கல்லைப் பேணியும் ஆழத்தைத் தலைமுறைதோறும் காத்துவரும் வரையில்தான் இத்துறைமுகமும் துறைமுகமாக இருக்கும்.