குண்டின் வேகமும் கடலூர்க் கோட்டையும்

அளவுகோல் எவன் கையில் இருக்கிறதோ, நியாயமும் அவன் கையிலேயே இருந்துவிடுவது உலக வழக்கு. இவ்வழக்கை உடைக்க வல்லது ஒன்றே. அஃது எவரும் சோதித்துப் பார்க்கக் கூடிய அளவையாம். துப்பாக்கிக் குண்டின் வேகத்தை அளக்க மனிதன் செய்த முயற்சிகளின் சரித்திரம் இதற்குத் தக்க சான்று. அச்சரித்திரத்தின் ஒரு பகுதி நம் தமிழ்நாட்டுக் கடலூரில் நிகழ்ந்தது என்பதை நம்மவருள் அறிந்தோர் சிலரே.

1690-ஆம் ஆண்டில் கிழக்கிந்தியக் கும்பினியார் கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராட்டியரிடம் விலைக்கு வாங்கினர். கோட்டையோடு சேர்ந்த நிலம் எவ்வளவு? பீரங்கிக் குண்டு எட்டும் தூரம் எவ்வளவோ அவ்வளவு என்பது ஏற்பாடு. அவ்வாறே பீரங்கி சுடப்பட்டது. குண்டு விழுந்த எல்லைக்குள் அடங்கிய ஊர்கள் கும்பினியின் உடைமையாயின. குண்டு கிராமங்கள் என்ற பெயரும் பெற்றன. பீரங்கியும் கும்பினியுடையது, அதைச் சுட்டவனும் கும்பினியின் ஆள். மருந்து எவ்வளவு இடப்பட்டது, பீரங்கியின் வாய் எவ்வளவு உயர்த்தப்பட்டது என்று கேட்க அந்நிலத்தை உழுத குடிகளுக்கு உரிமை ஏது? ஒருவன் வெடித்த வெடியே மற்றவர் நிலத்துக்கு அளவுகோலாயிற்று!

அக்காலத்தில் குண்டு எவ்வளவு வேகமாய்ச் செல்கிறது என்பதைச் சுட்டவனும் அறியான். அதனை முதன்முதல் நம்பத்தக்க முறையில் அளந்தவர் பெஞ்சமின் ராபின்ஸ் என்னும் ஆங்கிலேயக் கணித நிபுணர். 1707-இல் பிறந்த இவர், 1742-இல் பீரங்கி நூலொன்றை வெளியிட்டு, அதில் தமது ஊசற்கருவியை விளக்கினார். கனத்த மரக்கட்டை ஒன்றை ஊசலாகத் தொங்கவிட்டு, அதன்மேல் சுட வேண்டும். குண்டு கட்டையில் தைத்து நிற்கும்; கட்டை பின்னுக்கு அசையும்; அசைந்த தூரத்தை அதனோடு பிணைத்த நாடா காட்டும். குண்டைப் போல் அறுநூறு மடங்கு கனமுள்ள கட்டையில், விநாடிக்கு 1,600 அடி செல்லும் குண்டு பாய்ந்தால், கட்டை பெறும் வேகம் விநாடிக்கு மூன்றடிக்கும் குறைவே. கண்ணுக்கு அகப்படாத வேகம் இவ்வாறு கண்ணால் அளக்கத்தக்க மெல்லிய அசைவாகிறது. யுக்தி எளிது, பலனோ பெரிது.

பெரிய குண்டைக் காற்று அதிகம் தடுக்காது என்று கற்றோரும் நம்பியிருந்த காலம் அது. 24 இராத்தல் குண்டு முழு மருந்தோடு புறப்படுகையில், காற்றின் தடை அக்குண்டின் எடையைப் போல் இருபது மடங்குக்கும் மேற்பட்டது என்று ராபின்ஸ் காட்டினார். காற்றில்லாவிடில் 16 மைல் போக வேண்டிய குண்டு, மூன்று மைலுக்குள் விழுந்துவிடும் காரணம் விளங்கிற்று. அவர் தம் முறையை மறைக்கவில்லை. ஆகவே 1745-இல் ஆய்லர் என்னும் பெருங்கணிதர் அந்நூலை ஜெர்மன் மொழியில் பெயர்த்து, விரிவாய் ஆராய்ந்து குறிப்பெழுத முடிந்தது.

இத்தகைய ராபின்ஸ் கும்பினியின் தலைமைப் பொறியாளராகி, 1750-இல் வந்து சேர்ந்த இடம் எது? குண்டால் எல்லை வகுத்த அதே தேவனாம்பட்டினக் கோட்டை! கோட்டைகளைச் செப்பனிடும் பணியில் இருக்கையில் நோயுற்று, 1751 ஜூலை 29-இல் அங்கேயே மாண்டார். 1758-இல் பிரெஞ்சுத் தளபதி லாலி அக்கோட்டையைப் பிடித்து இடித்தார். கோட்டை தரைமட்டமாயிற்று, அளக்கும் முறையோ நிலைத்தது.

பின்னர், 1860-களில் பெல்ஜிய நாட்டு லெ பூலாங்ஜே மின்சாரக் குரோனோகிராப் ஒன்றை அமைத்தார. குண்டு முதற்கம்பியை அறுத்ததும் ஒரு நீண்ட கோல் விழத் தொடங்கும். இரண்டாம் கம்பியை அறுத்ததும் ஒரு கத்தி பாய்ந்து, விழும் கோலில் குறியிடும். குறி நின்ற இடமே காலத்தைச் சொல்லும். இதன் உயர்ந்த குணம் யாதெனில், சுடுமுன் இரு மின்னோட்டங்களையும் ஒருங்கே அறுத்து, குறி உரிய இடத்தில் விழுகிறதா என்று கருவியையே சோதிக்கலாம் என்பதே.

இன்று ஒளிக்கண் பொருந்திய குரோனோகிராப்புகள் வந்துவிட்டன. குண்டின் நிழல் இரு ஒளிக்கண்களைக் கடக்கும் காலத்தை அவை கணக்கிடும். அவற்றில் நல்லது எது? கண்களுக்கிடையே ஒரு மீட்டர் தூரம் இருக்க, குண்டு விநாடிக்கு 900 மீட்டர் செல்லுமாயின், அளக்க வேண்டிய காலம் விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்குச் சற்றே மேல். அத்தூரத்தில் ஒரு சென்டிமீட்டர் பிசகினால் கணக்கில் ஒன்பது மீட்டர் பிசகும். இடைத்தூரம் கூடினால் அதே பிசகின் கேடு குறையும். கருவி துப்பாக்கியின் வாயருகே இருந்தால் வெடிப்புகை குண்டைப் போல் நடித்து ஏமாற்றும். ஆகையால் விலையை மட்டும் நம்பாது, இரு கருவிகளை வரிசையாய் வைத்து, ஒன்றை மற்றொன்றால் சோதிப்பதே அறிவுடைமை.

துப்பாக்கியே தொடாத நமக்கு இதனால் என்ன என்று சிலர் வினவலாம். 1967 முதல் சிங்கப்பூர் இளைஞர் தேசிய சேவையில் துப்பாக்கி ஏந்துகின்றனர். அவருள் நம் பிள்ளைகளும் உளர். அஃதொருபுறமிருக்க, இன்று அடுக்குமாடி வீடுகள் நிறைந்த செங்காங், முன்னாளில் ரப்பர் தோட்டங்கள் இருந்த இடம். பால்மரம் சீவிப் பிழைத்தவர்க்குத் தராசின் அருமையைப் பிறர் சொல்ல வேண்டுவதில்லை. தராசு பொய்த்தால் கூலி பொய்க்கும். கூலி பொய்த்தால் அடுப்பு அணையும்.

குண்டு கிராமத்துக் குடிகளிடம் இல்லாதது வீரமன்று, எதிர்க்கணக்கு. தோழர்களே! நிலமாயினும் கூலியாயினும், பிறர் அளந்து சொன்னதை அப்படியே ஏற்காதீர்கள். எவ்வாறு அளந்தாய் என்று கேளுங்கள். மீண்டும் அளந்து காட்டச் சொல்லுங்கள். சோதனைக்கு அஞ்சும் அளவுகோல், அளவுகோலே அன்று.