செங்கற்பட்டு நாட்டில் தலைமையாசிரியர் உருவான வரலாறு

பள்ளிக்கூடம் ஒன்று சீர்பெறுவதும் சீர்கெடுவதும் பெரும்பாலும் அதன் தலைமையாசிரியரைப் பொறுத்தனவே என்பதை யாவரும் ஒப்புவர். ஆயினும் அத்தலைமையாசிரியர் எவ்வாறு உருவாகிறார், அவருக்கு அடுத்த நிலையிலுள்ள உதவித் தலைமையாசிரியர் தம் தொழிலை யாரிடத்துக் கற்றுக்கொள்ளுகிறார் என ஆராய்வோர் மிகச் சிலரே. பிள்ளைகளுக்குப் பாடஞ் சொல்லுதல் வேறு. பாடஞ் சொல்லுவோரை நடத்துதல் வேறு. பின்னதற்குரிய பயிற்சி நமது செங்கற்பட்டு நாட்டில் எவ்வாறு இருந்துவந்தது என்பதை ஈண்டுக் கூற விரும்புகிறோம். நம்மவருட் பலர் பள்ளிக் கமிட்டிகளில் அங்கத்தினராய் இருத்தலின், இஃது அவர்களுக்கு வேண்டாத செய்தியன்று.

பழைய திண்ணைப் பள்ளிக்கூடத்தில் உபாத்தியாயர் ஒருவரே. பிள்ளைகளோ பல திறத்தினர்; ஒருவன் மணலில் அகரம் எழுதுவான், மற்றொருவன் எண்சுவடி சொல்லுவான், வேறொருவன் நிகண்டு ஒப்பிப்பான். இத்தனை பேரையும் ஒருவர் கட்டிமேய்க்க ஒல்லுமோ? ஆதலின் மூத்த மாணாக்கன் ஒருவன் சட்டாம்பிள்ளையாக அமர்வான். இளையவர்க்கு முறை சொல்லிக் கொடுப்பதும், வாராதவனை வீடு தேடிச் சென்று அழைத்து வருவதும், உபாத்தியாயர் இல்லாத பொழுது அமைதி காப்பதும் அவன் கடமை. சட்டாம்பிள்ளை என்றாலே இப்பொழுது அதிகாரம் பண்ணுகிறவன் என்னும் பொருளில் ஏளனமாக வழங்குகிறோம். அந்த ஏளனத்திற்கு அவன் கைப்பிரம்பு காரணமாயிருக்கலாம். ஆனால் தலைமைத் தொழிலைத் தலைவன் கண்முன்னே செய்து பழகும் வாய்ப்பு அவனுக்குக் கிடைத்தது என்பதை மறத்தலாகாது.

இம்முறையின் அருமையை ஓர் அந்நியர் கண்டறிந்தார். சென்னை எழும்பூரில் 1789-இல் ஏற்பட்ட ஆண் அனாதைப் பிள்ளைகள் விடுதியின் தலைவராயிருந்த ஆண்டுரு பெல் பாதிரியார், ஒருநாள் குதிரைமேற் செல்லுகையில் ‘மலபார்ப்’ பள்ளி ஒன்றிற் சிறுவர்கள் மணலில் எழுதக் கண்டார். (அக்காலத்துச் சென்னை ஆங்கிலேயர் தமிழரையே மலபார் என்றனர்.) தம் விடுதியிலும் அவ்வாறே எழுத்துக் கற்பிக்குமாறு உதவி ஆசிரியரை ஏவினார். அவரோ அஃது இயலாதென்று மறுத்துவிட்டார். பெல் அவரோடு வழக்காடாமல், ஜான் பிரிஸ்கன் என்னும் எட்டு வயதுச் சிப்பாய் மகனிடம் அவ்வகுப்பை ஒப்புவித்தார். பெரியவர் முடியாதென்றதைச் சிறுவன் முடித்துக் காட்டினான். பெல் சீமைக்குத் திரும்பி 1797-இல் இதனை நூலாக வெளியிட, அது ‘சென்னை முறை’ எனப் பெயர்பெற்று, 1811-இல் இங்கிலாந்தில் ஏற்பட்ட நேஷனல் சொஸைட்டியின் பள்ளிகளெங்கும் பரவிற்று. நமது திண்ணையிற் பிறந்தது சீமை சென்று பட்டம் சூடிய பிறகே நமக்கு மதிப்புடையதாகத் தோன்றியது வியப்பன்று. நம் பொருள்கள் பலவற்றின் கதையும் அதுவே.

பெல் சிறுவனை நம்பினார். பின்வந்த அரசாங்கத்தாரோ பயிற்சி பெற்ற உபாத்தியாயரை நாடினர். கவர்னர் சர் தாமஸ் மன்றோ 1822-இல் ஜில்லாக் கலெக்டர்களைக் கேட்டுத் திரட்டிய கணக்கில் சென்னை ராஜதானியில் 12,498 பள்ளிகளும் 1,88,000-க்கு மேற்பட்ட மாணாக்கரும் இருந்தனர். நமது செங்கற்பட்டு ஜில்லாவில் மட்டும் 508 பள்ளிகள். ஓர் உபாத்தியாயர்க்கு மாதம் ஆறு ஏழு ரூபாய்க்குமேல் வரும்படி இல்லை என்பதை மன்றோ கண்டு வருந்தினார். 1826-இல் அவர் எழுதிய திட்டத்தில் ஒரு நுட்பம் உண்டு: பள்ளிகளைத் திறப்பதற்குமுன் பள்ளிகளை நடத்துவோரைச் சென்னையில் வைத்துப் பழக்க வேண்டும் என்பதே அது. ஜில்லாப் பள்ளி உபாத்தியாயர்க்கு 15 ரூபாயும் தாசில் பள்ளி உபாத்தியாயர்க்கு 9 ரூபாயும் சம்பளமென வகுத்தார். 1827-இல் மன்றோ பேதி கண்டு இறந்தார். தாசில் பள்ளிகள் விரைந்து பெருகின. பழக்கப்பட்ட தலைவர்கள் அவ்வளவு விரைந்து பெருகவில்லை. ஒன்பது ரூபாய்க்குத் தேர்ந்தவர் கிட்டுவது அரிது. 1836-இல் அப்பள்ளிகள் எடுபட்டன.

இருபது ஆண்டு சென்றபின், 1856-இல் சென்னையில் நார்மல் ஸ்கூல் ஏற்பட்டது. அதுவே 1880-களில் சைதாப்பேட்டைக்கு மாறி டீச்சர்ஸ் காலேஜ் ஆயிற்று. சைதாப்பேட்டை அந்நாளிற் செங்கற்பட்டு ஜில்லாவின் ஒரு தாலுகா. கலெக்டர் கச்சேரியும் அங்கேயே இருந்தது. ஆகவே தென்னாட்டு உபாத்தியாயர்களுக்கெல்லாம் தாய்வீடாகிய கல்லூரி நம் ஜில்லாவிற்கு உரியதென்று நாம் பெருமை கொள்ளலாம். சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் 1910-இற் பயிற்சிக்கு வந்ததும் இங்கேதான். எல். டி. பட்டத்திற்கு வருவோர் பாடக் குறிப்பு எழுதினர், மாதிரிப் பள்ளியில் வகுப்பு நடத்தினர், மேற்பார்வையாளரிடம் குறைகேட்டுத் திருந்தினர். ஆனால் இவையெல்லாம் ஒரு வகுப்பை நடத்தும் கலையே. எல். டி. பட்டமும் சில ஆண்டுச் சேவையும் உடையவர் முறைப்படி தலைமையாசிரியர் நாற்காலியில் ஏறினர். ஏறிய பின்னரே கால அட்டவணை போடவும், கிராண்டுக் கணக்கு எழுதவும், சகபாடிகளாயிருந்தவரைக் கண்டிக்கவும் கற்றனர். கற்ற செலவு பிள்ளைகளுடையது.

அந்த நாற்காலிக்கு வழி யாவர்க்கும் திறந்திருந்ததுமில்லை. செங்கற்பட்டுக் கலெக்டர் டிரிமென்ஹீர் துரை 1891-இல் இந்த ஜில்லாவின் பறையர் நிலைமையைக் குறித்து எழுதிய அறிக்கை அரசாங்கத்தை அசைத்தது. 1893-இல் பிறந்த கல்வி உத்தரவு, பஞ்சமர் என அக்காலத்தில் வழங்கப்பட்டவரின் பள்ளிகளுக்கு மிகுந்த உதவிப்பணமும், அவர்களுள் உபாத்தியாயப் பயிற்சி பெறுவோர்க்கு உபகாரச் சம்பளமும் அளித்தது. பயிற்சிப் பள்ளியின் வாயில் அடைபட்டிருக்கும்வரை தலைமையாசிரியரின் அறை வாயிலும் அடைபட்டேயிருக்குமாதலின், இவ்வுத்தரவை நாம் சிறிதாக எண்ணுதல் கூடாது.

பட்டம் தராத பயிற்சியை உபாத்தியாயர்கள் தாமே தேடிக்கொண்டனர். திருவல்லிக்கேணி ஹிந்து ஹைஸ்கூலின் தலைமையாசிரியராய் விளங்கிய வலங்கைமான் ஸ்ரீநிவாச சாஸ்திரியார் முதலியோர் முயற்சியால் 1895-இற் சென்னை உபாத்தியாயர் சங்கம் தோன்றிற்று. ஒரு பள்ளித் தலைவர் மற்றொரு பள்ளித் தலைவரோடு அமர்ந்து தம் தொல்லையைப் பேச ஓர் இடம் கிடைத்தது. அரசாங்கத்தின் சார்பில் இதனை வற்புறுத்தியது, சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஆ. லட்சுமணசாமி முதலியார் தலைமையில் 1952-53-இல் அமைந்த இடைநிலைக் கல்விக் கமிஷன். பள்ளியின் பெயர் தலைமையாசிரியரைச் சார்ந்து நிற்கிறதென்று அது எடுத்துரைத்தது.

இதனிடையே, நமது கடற்கரையில் வேறொரு பள்ளி பழைய வழியிலேயே தன் தலைவரை உண்டாக்கிக்கொண்டது. 1957-இல் மாமல்லபுரத்தில் அரசாங்கத்தார் நிறுவிய சிற்பப் பயிற்சி நிலையத்திற்குப் பிள்ளையார்பட்டிச் சிற்பியர் மரபில் வந்த வைத்தியநாத ஸ்தபதி முதல் தலைவரானார். அவர் குமாரர் கணபதி ஸ்தபதி (1927-2011) காரைக்குடி அழகப்பா கல்லூரியிற் கணிதம் பயின்றவர். உளியையும் நூற்கயிற்றையும் தந்தையிடத்தே கற்றவர். பழனிக் கோயிலில் ஸ்தபதியாகப் பணிபுரிந்தவர். 1961 முதல் 1988 வரை இருபத்தேழு ஆண்டு அந்நிலையத்தை அவர் தலைமை வகித்து நடத்தினார். தந்தைக்குப் பின் மகன் என்பதைச் சிலர் குறைகூறக்கூடும்; எல்லாப் பள்ளிக்கும் அது பொருந்தாது என்பதும் மெய்யே. எனினும் பட்டறையில் மூத்த சிற்பியின் அருகில் நின்று, கல் தேர்வதையும் ஆள் அமர்த்துவதையும் கூலி பகிர்வதையும் பார்த்துப் பழகியவர்க்குத் தலைமை புதிதாகத் தோன்றாது. சட்டாம்பிள்ளையின் பயிற்சியும் இதுவேயன்றோ?

இந்நாளிற் பயிற்சிக்குக் குறைவில்லை. 1986-ஆம் ஆண்டுக் கல்விக் கொள்கையின் பயனாக மாவட்டந்தோறும் ஆசிரியர் கல்வி பயிற்சி நிறுவனங்கள் எழுந்தன. டில்லியிலுள்ள கல்வித் திட்ட நிர்வாக நிறுவனத்தில் 2012-இற் பள்ளித் தலைமைக்கென்றே ஒரு தேசிய மையம் அமைந்தது. 2019-இல் ‘நிஷ்டா’ என்னும் பெயரால் ஆசிரியரையும் பள்ளித் தலைவரையும் ஒருங்கே பயிற்றும் பெருந்திட்டம் தொடங்கிற்று. அவ்வாண்டு நவம்பர் மாதத்திலேயே செங்கற்பட்டும் காஞ்சிபுரத்தினின்று பிரிந்து தனி மாவட்டமாயிற்று.

இப்பயிற்சிகளுக்குத் தலைமையாசிரியர் சென்றிருக்கும் நாட்களிற் பள்ளியைக் காப்பவர் உதவித் தலைமையாசிரியரே. அவர் கையில் சாவிக்கொத்தும் வருகைப் பதிவேடும் இருக்கும். வரவுசெலவுக் கணக்கோ, மேலதிகாரிகளின் கடிதங்களோ பெரும்பாலும் அவர் கண்ணிற் படுவதில்லை. கமிட்டிகளில் அமர்ந்துள்ள அன்பர்கள் அடுத்த கூட்டத்திற்குத் தலைமையாசிரியரோடு அவரையும் அழைத்து, அக்கணக்கை அவரையே வாசிக்கச் சொல்லலாம். அதற்குக் காசு ஒன்றும் செலவில்லை.