ரோஜா மணத்த புல்

மொனராகலையில் ரோஜாத் தோட்டம் கிடையாது. ரப்பர் உண்டு, கரும்பு உண்டு, சோளச் சேனை உண்டு, மலைச்சரிவெல்லாம் மானாப் புல் உண்டு. ஆனாலும் ரோஜா எண்ணெயின் கதையில் எங்கள் ஊவா மாகாணத்துக்கு ஓர் இடம் இருக்கிறது. பாடசாலையில் இரசாயனவியல் படிப்பித்தவள் என்ற முறையில் இதை உறுதியாகவே சொல்வேன்.

என் அம்மா ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். மலையிலிருந்து இறங்கி வந்ததும் விரலிடுக்கில் காய்ந்து ஒட்டிய பாலை உரித்துப் போட்டுவிட்டு, ரோஜாப் படம் போட்ட சவர்க்காரத்தால் முகம் கழுவுவார். லயத்தின் பீலிக்கரை முழுக்க அந்த வாசனை நிற்கும். உண்மையான ரோஜா எண்ணெய் ஒரு கிலோ எடுக்க 3,000 முதல் 4,000 கிலோ வரை இதழ் வேண்டும். பல்கேரியாவின் கசன்லிக் பள்ளத்தாக்கில் விடியற்காலையிலேயே, வெயில் ஏறி மணம் பறந்துபோகும் முன் பூப்பறிப்பதைத் தொடங்கிவிடுவார்கள். அவ்வளவு விலையுள்ள எண்ணெய் அம்மாவின் சவர்க்காரத்துக்குள் எப்படி வரும்?

வரவில்லை. வந்தது புல்லின் எண்ணெய். ரோஜா மணத்துக்கு அடித்தளமான இரு பொருட்கள் ஜெரானியோலும் சிட்ரோனெல்லோலும். இவற்றில் ஜெரானியோலை 1871இல் ஜெர்மானிய இரசாயனவியலாளர் ஆஸ்கார் யாக்கப்சன் கண்டெடுத்தது பூவிலிருந்து அல்ல, பால்மரோசா என்ற இந்தியப் புல்லின் எண்ணெயிலிருந்து. ரோஜா எண்ணெயிலும் அதே பொருள் இருப்பது பிறகுதான் நிரூபணமாயிற்று. வியாபாரிகளின் மூக்கு விஞ்ஞானத்துக்கு முந்திக்கொண்டது. இந்தியாவின் காந்தேசத்துக் காட்டில் வளர்ந்த அந்தப் புல்லில் வடித்த எண்ணெய் பம்பாயில் கப்பலேறித் துருக்கிக்குப் போனது. அங்கே ரோஜா வடிப்பவர்கள் அதை இதழ்மேல் தெளித்துச் சேர்த்தே காய்ச்சினார்கள்.

இலங்கையின் பங்கு சிட்ரோனெல்லா. மானாவுக்கு நெருங்கிய சொந்தம் அது. சிங்களத்தில் பெங்கிரி என்பார்கள். 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் கொழும்பில் இருந்த டச்சுக் கம்பனி வைத்தியர் கிரிம் இப்படியொரு மணப்புல்லைப் பற்றி எழுதிவைத்தார். 19ஆம் நூற்றாண்டில் காலி, மாத்தறைப் பக்கம் எண்ணெய் வடிப்பு பெருந்தொழிலாயிற்று. இங்கிலாந்தில் 'தேன் சவர்க்காரம்' என்று விற்றதற்கு வாசனை தந்தது இந்த எண்ணெய்தான்.

இந்தப் புல்வகைகளைச் சரியாகப் பிரித்துப் பெயரிட்டவர் எங்கள் ஊவாவில், பண்டாரவளையில் வாழ்ந்த தோட்டத்துரை ஜே. எஃப். ஜோவிட். லேனபட்டு ஒன்று, மஹபெங்கிரி இன்னொன்று. மஹபெங்கிரிக்கு அதைப் பயிரிட்டு வடித்த வின்டர் என்பவரின் பெயரைச் சேர்த்து 1908இல் பேராதனைப் பூங்காவின் ஆய்விதழில் வெளியிட்டார். புல்லை அறுத்துச் சுமந்தவர்களின் பெயர் எந்த இதழிலும் இல்லை. அது எனக்கு இன்றும் வலிக்கிறது.

வடிக்கும் முறையில் பெரிய மாற்றமில்லை. அறுத்து வாட்டிய புல்லைப் பெரிய கலத்தில் மிதித்து அடைப்பார்கள். கீழிருந்து ஆவி ஏறும். தண்ணீர்த் தொட்டிக்குள் சுருண்டு கிடக்கும் குழாயில் குளிர்ந்து சொட்டும். எண்ணெய் மேலே மிதக்கும், அள்ளிக்கொள்ளலாம். எண்ணெய் போன சக்கையைக் காயவைத்தால் அடுத்த அடுப்புக்கு அதுவே விறகு. மொனராகலை மாவட்டத்திலும் அம்பாந்தோட்டை எல்லைப்பக்கம் இப்போதும் இப்படி வடிக்கிறார்கள்.

தொழிலைக் கெடுத்தது மண்ணெண்ணெய். இடையில் யாரோ கலப்படம் செய்ய, லைப்சிக் நகரத்து ஷிம்மல் கம்பனி அதைக் கண்டுபிடிக்கத் தனிச் சோதனையே வகுத்தது. இலங்கை எண்ணெயின் பெயர் கெட்டது. அதற்குள் மஹபெங்கிரி ஜாவாவுக்குப் போய் வேர்விட்டிருந்தது. ஜெரானியோலும் சிட்ரோனெல்லால் என்ற இன்னொரு மணப்பொருளும் கூடிய ஜாவா எண்ணெய் 20ஆம் நூற்றாண்டில் உலகச் சந்தையைப் பிடித்துக்கொண்டது. இங்கே மிஞ்சியது பெரும்பாலும் லேனபட்டு.

அம்மாவின் சவர்க்காரத்தைப் போலி என்று சொல்ல நான் விடமாட்டேன். புல்லிலிருந்து வந்தாலும் பூவிலிருந்து வந்தாலும் ஜெரானியோல் ஒரே மூலக்கூறுதான். ஆனால் ரோஜாவில் அதற்கு மேலும் உண்டு. டமாசினோன் என்ற பொருள் நூற்றில் ஒரு பங்குகூட இல்லாமலே அந்த மணத்துக்கு ஆழம் கொடுக்கிறது. அந்த ஆழம் புல்லெண்ணெயில் இல்லை. நல்ல ரோஜா எண்ணெயின் விலைக்கு அதுவும் ஒரு நியாயம்.

என்னிடம் படித்த பெண்பிள்ளைகள் சிலர் இப்போது வீட்டிலேயே சவர்க்காரம் செய்து விற்கிறார்கள். ரோஜா எண்ணெய் பூசினால் முகம் வெளுக்குமா டீச்சர் என்று கேட்பார்கள். வெளுக்காது பிள்ளை, வெளுக்கவும் வேண்டாம். வாசனைக்கும் மனநிறைவுக்கும் பூசலாம், தப்பில்லை. ஆனால் ஜெரானியோலும் சிட்ரோனெல்லோலும் சிலருக்கு அரிப்பைக் கொடுக்கும். அதனால்தான் ஐரோப்பாவில் இவற்றை லேபிளில் பெயர் சொல்லி எழுத வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. பூவோ புல்லோ, எண்ணெயை நேராகத் தோலில் வைக்காதீர்கள். ஒரு தேக்கரண்டி தேங்காய் எண்ணெய்க்கு ஒரு சொட்டு போதும். முதலில் முழங்கை மடிப்பில் பூசி, ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள்.